எள்ளுப் பொட்டியும் மூணு அடியும்

எலும்புப் பிரிவில் மாவுக்கட்டு போடுகிறவனைத் தேடி யாரும் சந்தோஷமாக வந்ததில்லை. நொண்டிக்கொண்டு வருவார்கள், இல்லையென்றால் இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வருவார்கள். இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேராவது ஒரு முறை அந்த மேஜையில் படுத்திருப்பீர்கள். ஈரக் கட்டு காயும்போது சுடுமே, ஆறாம் நாள் உள்ளே அரிக்க ஆரம்பிக்குமே, அதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தம்பானூருக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். கரமனை அக்ரஹாரத்திலிருந்து பஸ் பிடித்து இருபத்தேழு வருஷமாக அங்கே போய் வருகிறேன். எல்லோருக்கும் நான் பிளாஸ்டர் சாமி. சாயங்காலம் சட்டையெல்லாம் வெள்ளைப் பொடியோடு வீடு திரும்புவேன். எங்கள் தெருவில் கேட்டரிங் செய்கிறவர்கள் நிறையப் பேர். "யாராவது கேட்டா நீங்களும் கேட்டரிங்னே சொல்லிடுங்கோ, மாவு மாவுதானே" என்பாள் என் மனைவி.

சம்பளம் இல்லாத இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. டாக்டர்கள் மலையாளம், வருகிறவர்களில் பாதிப்பேர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டிட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்த தமிழர்கள். நடுவில் நின்று இங்கே சொன்னதை அங்கேயும், அங்கே சொன்னதை இங்கேயும் கடத்துவது என் பொறுப்பு. இரண்டும் அக்கா தங்கை மொழிகள்தானே, என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். அக்கா தங்கை என்பதுதான் கஷ்டம். முகஜாடை ஒன்றாக இருக்கும், கூப்பிட்டால் வேறொருத்தி திரும்புவாள். இந்தக் குழப்பத்தில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று அப்பா கையைவிட்டுப் போகப் பார்த்தது. அந்த அப்பாதான் முதலில் வருகிறான். ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எள்ளுப் பொட்டி

செல்லத்துரை ஒரு மழைக்காலத்தில் வந்தான். வள்ளியூர்ப் பக்கத்துக்காரன், முப்பது வயதிருக்கும். கரமனை ஆற்றோரம் ஒற்றை அறையில் மனைவியும் பெண் குழந்தையுமாகக் குடியிருந்தான். வலது பாதம் பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. எது விழுந்தது என்று கேட்டால் எதுவுமே விழவில்லை என்றான். சிமெண்ட் மூட்டையோடு படியிறங்கினானாம், கடைசிப் படியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதாம்.

எக்ஸ்ரே வருகிறவரை காலைத் துடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். அப்போதுதான் அவன் கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் லேசான நீலம். வேட்டிக்குச் சொட்டு நீலம் கூடிப்போனால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். "என்னப்பா, கண்ணை நீலத்துல போட்டு அலசினியா?" என்றேன். "எங்கய்யாவுக்கும் இப்படித்தான் சாமி. ஊர்ல எங்களை நீலக்கண்ணு வகையறான்னுதான் சொல்லுவாவ" என்றான், பெருமையாக. நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். இந்தச் சிரிப்புக்காக என்னை நானே பிற்பாடு நன்றாகத் திட்டிக்கொண்டேன்.

படம் வந்தது. டியூட்டி டாக்டர் அனு, கோட்டயம் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பெண், அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லு பொட்டியிட்டுண்டு" என்றாள். மலையாளத்தில் எல்லு என்றால் எலும்பு, பொட்டி என்றால் உடைந்து. நான் வாயைத் திறப்பதற்குள் செல்லத்துரை தலையைத் தூக்கிச் சொன்னான்: "எள்ளுப் பொட்டி இல்ல டாக்டர், சிமெண்ட் மூட்டை."

வாசனைக் கட்டு

வலியசாலைத் தெருக்கார மாமா ஒருவருக்கு மணிக்கட்டில் முறிவு. பாத்ரூமில் விழுந்தாரா, படியில் விழுந்தாரா என்றால் இரண்டும் இல்லை. அடம்பிடித்த ஊறுகாய் ஜாடியைத் திறக்கிறேன் என்று முழங்காலில் இடுக்கி, பல்லைக் கடித்துத் திருகி, ஜாடி திறந்துகொண்ட வேகத்தில் நாற்காலியோடு பின்பக்கம் சாய்ந்தார். ஊறுகாய்க்குச் சேதமில்லை.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்க வந்தார். கட்டு அறுக்கிற மிஷினின் சத்தம் மர மில்லைத் தோற்கடிக்கும். ஆனால் அதன் பிளேடு சுற்றாது, அதிரத்தான் செய்யும். தோலை ஒன்றும் செய்யாது. இதை என் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டுவேன். இருபத்தேழு வருஷத்தில் ஒருவரும் நம்பியதில்லை. மாமாவும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கட்டு இரண்டாகப் பிளந்ததும் அறை முழுக்க கல்யாண வீட்டு வாசனை. வழக்கமாக அந்த நேரத்தில் வருவது வேறு வாசனை என்று பட்டவர்களுக்குத் தெரியும். பார்த்தால் உள்ளே ஏழெட்டு ஊதுவத்தித் துண்டுகள், அரிப்புக்கு விட்டுச் சொறிந்து உடைந்தவை. நான் முறைத்தேன். மாமா அசரவில்லை: "எதை விட்டாலும் திட்டத்தான் போறேள்னு தெரியும், அதான் மல்லிகை வாசனையாப் பாத்து விட்டேன்."

மேஜை உடைந்த சத்தம்

ஓணத்துக்கு முந்தைய வாரம் ஆபீஸ்களில் விளையாட்டுப் போட்டி நடத்துவார்கள். எங்களுக்கு அது அறுவடைக் காலம். ஓர் ஆபீஸின் சூப்பிரண்டும் அவருக்குக் கீழே வேலை பார்க்கிற கிளார்க்கும் மேஜையில் முழங்கையை ஊன்றிக் கை மடக்குகிற போட்டியில் உட்கார்ந்தார்கள். வருஷம் முழுக்க ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த எரிச்சல் எல்லாம் அந்த இரண்டு கையில் இறங்கியது. கிளார்க்கின் கை சாயச் சாய, சூப்பிரண்டு உடம்பையே திருப்பி ஓர் அழுத்து அழுத்தினார். படீர் என்று சத்தம். மேஜை உடைந்துவிட்டது என்று எல்லோரும் கீழே குனிந்து பார்த்தார்களாம்.

உடைந்தது சூப்பிரண்டின் மேல்கை எலும்பு. கை பூட்டிக்கிடக்கும்போது உடம்பு முறுக்கினால் எலும்பு புட்டுக் குழல் மூடி மாதிரி திருகிக்கொண்டு உடையும். இந்த முறிவை நான் மொத்தம் நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறேன். வலியில் மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. இருந்தாலும் என் கையைப் பிடித்து இழுத்து மலையாளத்தில் சொன்னார், பக்ஷே என்றால் ஆனால்: "ஒடிஞ்ஞது என்டெ கையாணு, பக்ஷே தோற்றது அவனாணு."

உள்ளே போட்ட கோலம்

எங்கள் சீஃப் டாக்டருக்கு ஒரு பழக்கம். எக்ஸ்ரேயில் ஒடிந்த இடத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் படத்தின் நாலு ஓரத்தையும் சுற்றி வருவார். நோயாளி தவித்துப்போவார், நாங்கள் பழகிவிட்டோம்.

வங்கியில் வேலை பார்க்கிற கரமனைப் பெண்மணி ஒருவர் கை சுளுக்கென்று வந்தார். படத்தில் சுளுக்கைக் காணவில்லை. விரல் எலும்பு, மணிக்கட்டு எலும்பு எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். டாக்டர் அனுவின் முகம் மாறியது. இந்த மாதிரி புள்ளி சில சமயம் பொல்லாத வியாதியாகவும் இருக்கலாமாம். பெண்மணியும் அந்த முகத்தைப் படித்துவிட்டார். சீஃப் வந்து ஓரம் சுற்றி முடித்து, அந்த அம்மாளின் இன்னொரு கையையும் இடுப்பையும் படம் எடுக்கச் சொன்னார். அங்கேயும் அதே புள்ளி, இரண்டு பக்கமும் ஒழுங்காக. ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறவியிலேயே சிலருக்கு எலும்பில் இப்படிப் புள்ளி இருக்குமாம். லட்சத்தில் ஒருத்தர் இரண்டு பேருக்குத்தான் இருக்கும், ஒரு கெடுதலும் செய்யாது. அதற்கு ஒரு நீளமான பெயரும் சொன்னார். அந்த அம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னது இது: "வாசல்ல போடத்தான் நேரமில்லை, உள்ளேயாவது இருந்துட்டுப் போகட்டும்."

நல்லா தள்ளி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டு போடக் கூப்பிடுகிறார்கள் என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனேன். மேஜையில் ஐந்து வயதுப் பெண் குழந்தை, கணுக்காலுக்கு மேலே முறிவு, அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. அறைக்கு வெளியே பெஞ்சில் செக்யூரிட்டிக்காரர் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான் செல்லத்துரை. குழந்தை அவன் மகள் ஹரிணி. மனைவி ஒரு சாவுக்காக ஊருக்குப் போயிருந்தாள்.

டாக்டர் அனு கோபத்தில் சிவந்திருந்தாள். குழந்தையின் கையிலும் விலா எலும்பிலும் பழைய முறிவுகள் ஆறிய தழும்பு படத்தில் தெரிந்திருக்கிறது. எப்படி என்று அப்பனைக் கேட்டிருக்கிறாள். அவனே ஒப்புக்கொண்டுவிட்டான், இரண்டு தடவை கேட்டும் அதையேதான் சொன்னான் என்றாள். குழந்தைகள் நல ஆபீசுக்குப் போன் போய்விட்டது. அவர்கள் வந்து குழந்தையைக் கூட்டிப் போவார்கள், அம்மா வந்தாலும் விசாரணை முடியாமல் கொடுக்க மாட்டார்கள். இவனா? மூட்டை தூக்கி வந்த காசில் மகளுக்குக் கொலுசு வாங்கி, கட்டு மேஜையில் படுத்துக்கொண்டே எனக்கு எடுத்துக் காட்டினவன். "என்ன ஒத்துண்டான்?" என்று கேட்டேன். டாக்டர் கேஸ் ஷீட்டை என் முன்னால் நீட்டினாள். நன்றாக அடித்தேன், மூன்று அடி அடித்தேன் என்று அப்பா சொன்னதாக எழுதியிருந்தது.

வெளியே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டரிடம் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் எனக்குச் சொல்லச் சொன்னேன். அழுகையோடு அவன் சொன்னதில் ள எது, ல எது என்று எனக்கே பிடிபடவில்லை. ஆனால் நான் தமிழன், எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் காஸ் சிலிண்டரை மாற்றியிருக்கிறான். குழந்தை மேல் பட்டுவிடக் கூடாதென்று அவளைத் தூக்கி அந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கிறான். அவள் எழுந்தாள், திரும்பினாள், கால் மடங்கியது. அவ்வளவுதான். மலையாளத்தில் தல்லி என்றால் அடித்து. அதோடு சேர்ந்து வருகிற அடியும் அடிக்கிற அடியாகத்தான் கேட்கும். செல்லத்துரை இரண்டு தடவை சொன்னது இதுதான்: "பிள்ளைய நல்லா தள்ளித்தான் டாக்டர் வச்சேன், மூணு அடி இருக்கும்."

கால்விரல் கணக்கு

டாக்டர் அனுவிடம் போய் விளக்கினேன். தள்ளி என்றால் எங்களுக்குத் தூரமாக என்றும் அர்த்தம், அடி என்றால் அளவு என்று என் செருப்புக் காலைத் தரையில் வைத்து வைத்து மூன்று அடி நடந்தே காட்டினேன். அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். ஆனால் கெட்டிக்காரப் பெண், உடனே விடவில்லை. "வாக்கு போட்டே சாமி, பழைய முறிவுகளோ?" என்றாள். வார்த்தை போகட்டும், பழைய முறிவுகளுக்கு என்ன பதில்? அவள் சந்தேகப்பட்டதில் தப்பும் இல்லை. அடிக்கிற அப்பன்மார்களை நானும் அந்த மேஜையில் பார்த்திருக்கிறேன்.

தலை குனிந்து குழந்தைக்குப் பஞ்சு சுற்றி, மாவுத்துணியை நனைக்க ஆரம்பித்தேன். "அப்பா எங்க?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணின் வெள்ளையில் சொட்டு நீலம். எனக்குக் கை நின்றுவிட்டது. கையில் மாவோடு அப்படியே மாடிக்கு ஓடினேன். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சீஃப்பின் கார்ச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாவியெல்லாம் வெள்ளை. அப்பன் கண்ணிலும் மகள் கண்ணிலும் ஒரே நீலம் என்று நான் சொன்னதும் இறங்கி வந்தார். குழந்தையின் கண்ணைப் பார்த்தார், படத்தின் ஓரங்களைப் பார்த்தார், பிறகு செல்லத்துரையைக் கூப்பிட்டு அவன் இமையைத் தூக்கிப் பார்த்தார். இதுவரை உடம்பில் எத்தனை எலும்பு ஒடிந்திருக்கிறது என்று அவனைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அழுதுகொண்டிருந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணக்கில் தப்பு வந்துவிடக் கூடாதே என்ற கவலையோடு கேட்டான்: "கால்விரலச் சேத்தா சாமி, சேக்காமயா?"

நீலக்கண்ணு வகையறா

பிறவியிலேயே எலும்பு லேசாக, எளிதில் முறிகிற மாதிரி அமைந்துவிடுகிற கோளாறு அது. சிலருக்குக் கண்ணில் அந்த நீலம் அடையாளம். குழந்தைகள் நல ஆபீசிலிருந்து வந்த அம்மாள் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார், சீஃப் எழுதிக் கொடுத்த கடிதத்தை வாங்கிக்கொண்டார், ஹரிணிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். மேல் பரிசோதனையும் சில வாரத்தில் அதையே சொன்னது. பதினைந்து நாள் முன்னால் நான் சிரிக்காமல் சீஃப்பிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே நடந்திருக்காது என்று நான் அரற்ற, "பதினஞ்சு நாளா? அது போன வருஷ மழை" என்றாள் மனைவி. குற்ற உணர்ச்சிக்குக் காலண்டர் தெரியாது போலிருக்கிறது.

சிகிச்சையை விளக்கும்போது சீஃப், இது அப்பாவிடமிருந்து வந்தது, அவனிடம் சொல்லிவிடு என்றார். அன்றைக்குத்தான் மொழிபெயர்ப்பு வேலையை ராஜினாமா செய்யலாமா என்று நினைத்தேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். இதற்கு நாக்கு எழவில்லை. உங்கிட்டேர்ந்துதான்ப்பா வந்திருக்கு, யார் பண்ணின தப்பும் இல்லை என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். அவன் தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அடிச்சிருந்தாக்கூட நிறுத்திக்கிடலாம் சாமி. இதை எப்படி நிறுத்துவேன்?"

மூணு அடி

நிறுத்த முடியாது, தாங்க வைக்கலாம் என்றார் சீஃப். எலும்பை உறுதியாக்க அவ்வப்போது ஏற்றுகிற மருந்து இருக்கிறது, வயது ஏற ஏற முறிவு குறையவும் செய்யும், இவனே உயிருள்ள சாட்சி என்று செல்லத்துரையின் முதுகில் தட்டப்போய், ஞாபகம் வந்து, மெதுவாகத் தடவிக் கொடுத்தார். மூட்டை தூக்குவது அன்றோடு நின்றது. டாக்டர் அனு அவனுக்கு ஒரு ஃப்ளாட்டில் லிஃப்ட் பார்த்துக்கொள்கிற வேலை வாங்கிக் கொடுத்தாள். மன்னிப்பு என்று அவள் வாயால் கேட்டது எனக்குத் தெரியாது. ஆனால் கேஸ் ஷீட்டில் அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள், அதற்குப் பிறகு என்னிடம் தினம் ஐந்து தமிழ் வார்த்தை கற்றுக்கொள்கிறாள்.

ஹரிணியின் கட்டைப் பிரிக்கிற நாள் வந்தது. மிஷினை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். உலகத்திலேயே முதல் ஆளாக அவள் நம்பினாள். தன் கையிலும் வைக்கச் சொன்னாள், கிச்சுக்கிச்சு மூட்டுகிறது என்று சிரித்தாள். கட்டு போன கால் சின்னதாக, வெளிறி, யாருடையதோ மாதிரி இருந்தது. மெதுவாக நடக்க விடலாம் என்றார் சீஃப். செல்லத்துரை அவளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். டாக்டர் அனு தன் புதுத் தமிழில், "அப்பா, நல்லா தள்ளி நில்லுங்க. மூணு அடி" என்றாள். அவன் குழந்தையின் விரலை ஒவ்வொன்றாக விட்டு, பின்னால் போய் நின்றான். ஹரிணி உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு கால் வைத்தாள். எதுவும் 'டக்' என்று கேட்கவில்லை. இன்னொன்று வைத்தாள். மூன்றாவதில் அப்பாவின் வேட்டியைப் பிடித்துவிட்டாள். பிடித்துக்கொண்டு, அறையிலிருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்: "மூணே அடிதாம்ப்பா!"

ஆகவே, கை கால் ஒடிந்த என் சகோதர சகோதரிகளே, ஆஸ்பத்திரிக்கு வரும்போது பழைய எக்ஸ்ரேயை மறக்காமல் எடுத்து வாருங்கள், அளவு சொல்ல நேர்ந்தால் மட்டும் தயவுசெய்து மீட்டரில் சொல்லுங்கள்.